குழியை மூடும் முன்

மிச்சிகன்
மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவும் நீங்களும் தம்பி வீட்டிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் வலிக்கு அந்தத் தைலத்தைத் தேய்ப்பதோடு நிறுத்திவிடாமல் ஒரு முறை டாக்டரையும் பாருங்கள்.

போன வாரம் தம்பி போன் செய்தான். பல்லடம் ரோட்டு ஷெட்டில், நீங்கள் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழியை மண் போட்டு மூடிவிட்டு, அதன் மேலேயே டூ போஸ்ட் லிஃப்ட், அதாவது ரெண்டு கம்பத்தில் காரைத் தூக்குகிற மெஷின், நிறுத்தப் போகிறானாம். திருப்பூரில் யாரோ செகண்ட் ஹேண்டில் தருகிறார்களாம். பின்னால் நீங்கள் இருமுவது கேட்டது, ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று புரிந்துகொண்டேன். போனில் எடுத்துச் சொல்லலாம் என்றால், பாதியிலேயே அவன் போனை வாங்கிப் பேச ஆரம்பித்துவிடுகிறான். அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். நான் இங்கே பட்டதை எல்லாம் எழுதுகிறேன். படித்துவிட்டு அவனிடமும் கொடுங்கள்.

வீட்டில் லிஃப்ட் வைக்கப் போகிறேன் என்று நான் முதலில் சொன்னபோது, மாடிக்குப் போகிற லிஃப்ட் என்று அம்மா நினைத்துக்கொண்டு, "இருக்கறதே ஒரு மாடி, அதுக்கு எதுக்குடா லிஃப்டு?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் கேட்டது வேறு. "அத்தனை காசுக்கு ஒரு குழி தோண்டிக்கக் கூடாதா?" அப்போது பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

இங்கே கராஜ் என்பது வீட்டோடு ஒட்டிய அறை. நம் ஷெட் மாதிரி நாலு பக்கமும் காற்று வராது. குளிரில் கதவை இறக்கிவிட்டால் பெட்டி மாதிரிதான். சுவருக்கு அந்தப் பக்கம் கேஸில் எரிகிற வெந்நீர் பாய்லர். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், குழி இருந்தால் நேராக அதற்குள் போய்த் தங்கும். நீங்கள் குழியில் இறங்கிப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் டீசல் லாரி, அதுவும் திறந்த ஷெட்டில். இங்கே இருப்பதெல்லாம் பெட்ரோல் வண்டி. ஒரு பொறி பறந்தால் போதும். அதோடு பனி உருகும் காலத்தில் குழியில் தண்ணீரும் ஊறும். டவுன்ஷிப் ஆபீஸில் போய்க் குழிக்கு அனுமதி கேட்கவே எனக்கு மனம் வரவில்லை.

வண்டிக்கு அடியில் அப்படி என்ன வேலை என்று கேட்பீர்கள். உப்பு, அப்பா. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பை வாரி இறைக்கிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, 1,100 அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? மேலே கார் செய்த ஊர், கீழே அதைத் துருப்பிடிக்க வைக்கிற உப்பு. பதினோரு வருஷத்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தால் நம் ஊர் முப்பது வருஷத்து டெம்போ தேவலை. போன வருஷம் பிரேக் மிதித்தபோது பெடல் தரையைத் தொட்டது. பிரேக் பைப் துருவில் பொத்தலாகி, ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஒர்க்ஷாப்பில் விலை கேட்டேன். ஆயிரம் டாலருக்கு மேல் சொன்னார்கள். பைப் என்னவோ மலிவுதான், கூலிதான் அவ்வளவு. நானே செய்கிறேன் என்று ஜாக்கி போட்டு, அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, மைனஸ் எட்டு டிகிரியில் மல்லாந்து படுத்தேன். ஸ்பேனர் கையோடு ஒட்டிக்கொள்கிறது. நட்டு கழன்றபோது துருத்தூள் கண்ணில் விழுந்தது. அன்றைக்கு ராத்திரிதான் லிஃப்ட் என்று முடிவு செய்தேன்.

எந்த லிஃப்ட் என்பதைக் கூரை தீர்மானித்தது. நாலு கம்பம் உள்ளதுக்குத் தரையில் போல்ட் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் அது சக்கரத்தைப் பிடித்துத் தூக்குவது. சக்கரம் கழற்ற வேண்டுமென்றால் அதன் மேலே இன்னொரு ஜாக்கி வைக்க வேண்டும். ஒரு காருக்கு மேல் இன்னொரு காரை நிறுத்தி வைக்கிறவர்களுக்குத்தான் அது வசதி. எனக்கு வேண்டியது டூ போஸ்ட். ஆனால் மேலே குறுக்குக் கம்பி போகிற மாடல் 12 அடி உயரம் கேட்கிறது, என் கராஜ் 11 அடிதான். அதனால் கேபிளும் ஹோஸும் தரையிலேயே ஒரு இரும்புத் தகட்டுக்கு அடியில் போகிற மாடலை எடுத்தேன். உங்கள் பேத்தி அந்தத் தகட்டை ஸ்பீடு பிரேக்கர் என்கிறாள், சைக்கிளில் தினமும் அதன் மேல் ஏறி இறங்குகிறாள்.

என் காரின் உயரம் 4 அடி 9 அங்குலம். ஆறு அடி தூக்கினால் கூரைக்கு மூன்று அங்குலம் பாக்கி. உங்கள் மருமகளின் வேனை அவ்வளவு தூக்க முடியாது. அப்புறம் கராஜ் கதவு. திறந்தால் மடிந்து கூரைக்குக் கீழே வந்து படுத்துக்கொள்ளும். காரைத் தூக்கினால் அதில் முட்டும். கதவின் தண்டவாளத்தைக் கூரையோடு ஒட்டி உயர்த்தி, மோட்டாரைப் பக்கச் சுவருக்கு மாற்ற வேண்டியிருந்தது. இதெல்லாம் தம்பிக்கு இல்லாத தலைவலி, நம் ஷெட் கூரைக்குப் பதினாறு அடி இருக்கும்.

ஆனால் தரை இருக்கிறதே, அதை மட்டும் அவன் நன்றாகப் படிக்க வேண்டும்.

லிஃப்டோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது: கான்கிரீட் குறைந்தது 4 அங்குல கனம், 3,000 பிஎஸ்ஐ பலம், அதாவது சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு தாங்க வேண்டும். நம் ஊர்க் கொத்தனார் கணக்கில் கிட்டத்தட்ட எம்25. வீடு விற்றவர் நாலு அங்குலம் தாராளமாக இருக்கும் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. கம்பம் நிற்கப்போகிற ரெண்டு இடத்திலும் ஓட்டை போட்டு, வளைத்த கம்பியை உள்ளே விட்டு அளந்தேன். இடது பக்கம் ஐந்து அங்குலம், வலது பக்கம் மூன்றேகால். அதில் நாலு டன் லிஃப்டை நிறுத்தியிருந்தால்? கம்பம் நேராகக் கீழே மட்டும் அழுத்துவதில்லை அப்பா, காரின் பாரம் கம்பத்திலிருந்து நீளும் இரும்புக் கையில் தொங்குவதால் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். சாயாமல் பிடித்து நிறுத்துவது அந்த போல்ட்டும் அது கடித்திருக்கிற கான்கிரீட்டும்தான்.

வாடகைக்கு மெஷின் எடுத்துவந்து ரெண்டு பக்கமும் நாலுக்கு நாலு அடி தரையை அறுத்தேன். ஒரு அடி ஆழம் தோண்டி, கம்பி கட்டி, அந்தக் கம்பியைப் பழைய தரையிலும் துளை போட்டுச் செருகி, கான்கிரீட் போட்டேன். 80 பவுண்டு மூட்டை, அதாவது 36 கிலோ. ஒரு பக்கத்துக்கு இருபத்தேழு, ரெண்டுக்கும் ஐம்பத்துநாலு மூட்டை. இங்கே கொத்தனாரும் நான்தான், சித்தாளும் நான்தான். உங்கள் மருமகள் மக்கில் தண்ணீர் ஊற்றினாள். அப்புறம் 28 நாள் காத்திருப்பு. ஈரச்சாக்கு கிடைக்கவில்லை. பழைய போர்வைகளை நனைத்துப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாளை மூடினேன். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் முன் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுகிறவன் இந்தத் தெருவில் நான் ஒருத்தன்தான்.

கான்கிரீட் காய்வதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. 600 கிலோ, ஒரே கட்டு. லாரிக்காரர் தெரு ஓரம் வரைதான் என் வேலை என்று சொல்லிவிட்டார். நம் ஊராக இருந்தால் டீக்கடையிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டிருப்பேன். இங்கே தெருவில் ஆள் நடமாட்டமே கிடையாது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, எதிர்வீட்டுப் பெரியவர் ஃபோர்க் மாட்டிய சின்ன டிராக்டரோடு வந்தார். கார் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மூன்று வருஷமாக நாங்கள் கையை ஆட்டிக்கொண்டதோடு சரி. இறக்கி வைத்த பிறகு, "இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்டார். அப்பா லாரி மெக்கானிக் என்றேன். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். குழிக்குள் நின்று நீங்கள் கையை மட்டும் மேலே நீட்டுவதையும், நான் 14-15 ஸ்பேனரை எடுத்து வைப்பதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

கரண்ட் விஷயத்தில் நீங்கள் சந்தோஷப்படலாம். இங்கே சுவரில் வருவது 120 வோல்ட், லிஃப்ட் மோட்டாருக்கு 220க்கு மேல் வேண்டும். தனி லைன், தனி பிரேக்கர், பெர்மிட், இன்ஸ்பெக்டர். நம் வீட்டில் சாதாரண பிளக்கிலேயே 230 வருகிறது. ஷெட்டில் த்ரீ ஃபேஸே இருக்கிறது. பழைய மோட்டார் எந்தக் கரண்டுக்கு என்று மட்டும் தம்பி பார்த்து வாங்கட்டும்.

போல்ட் அடித்த நாள்தான் எனக்குப் பிடித்தது. கம்பத்துக்கு ஆறு, முக்கால் அங்குல ஆங்கர் போல்ட். கான்கிரீட் தரையை முழுக்கத் துளைக்கிற மாதிரி ஓட்டை போடச் சொன்னார் பெரியவர். என்றைக்காவது லிஃப்டைக் கழற்றினால் போல்ட்டைக் கீழே தட்டிவிட்டு மேலே பூசிவிடலாமாம். புது கான்கிரீட் ஒரு அடி கனம் என்பதால் எனக்கு அது முடியவில்லை. ஓட்டைக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். தூள் இருந்தால் போல்ட் பிடிக்காது, இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பத்தைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சாய்ந்த பக்கம் தகட்டுத் துண்டு செருகி நேராக்கினேன். பிறகு இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் இறுக்கினேன். பதினொன்று கப்பென்று நின்றன. ஒன்று மட்டும் சுற்றியது. கழற்றி, துளையை மறுபடி ஊதி, புது போல்ட் போட்டதும் நின்றது.

முதல் முறை தூக்கும்போது எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டேன். நாலு கையையும் காருக்கு அடியில் சரியான இடத்தில் வைத்து, சக்கரம் தரையை விட்டதும் நிறுத்தி, காரைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. மேலே ஏற ஏற, ரெண்டு கம்பத்திலும் பூட்டு விழும் சத்தம். டக். டக். டக். நீங்கள் சொல்வீர்களே, "ஜாக்கி தூக்கத்தான், தாங்கறதுக்குக் கட்டை" என்று. லிஃப்டிலும் அதே கதைதான். தூக்குவது ஆயில் பிரஷர். அதை நம்பி ஒரு ஆள் கீழே போகக்கூடாது. உயரம் வந்ததும் லீவரை அமுக்கி, கொஞ்சம் கீழே இறக்கி, பூட்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். சில பேர் அவசரத்தில் அதைச் செய்யாமலே உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். தம்பிக்கு அவசரம் ஜாஸ்தி என்பதால் இதை அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

மற்றொரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். பல்லடத்தில் வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனில் ஒத்தைக் கம்பத்தில் காரைத் தூக்கிச் சுற்றுவார்களே, அந்த வகை லிஃப்டை 1920களில் கொண்டுவந்தவர் மெம்ஃபிஸ் ஊர்க்காரர், பீட்டர் லுனாட்டி. முடிவெட்டுகிற கடையில் நாற்காலி மேலே போவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். நீங்களும் ஐம்பது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து தூங்கித்தான் வருகிறீர்கள்.

இப்போது நம் ஷெட்டுக்கு வருகிறேன். குழியை மூடி அதன் மேல் கம்பம் நிறுத்தவே கூடாது. கொட்டிய மண் எத்தனை இடித்தாலும் மழைக்கு மழை இறங்கும், மேலே போட்ட கான்கிரீட் விரியும். கடப்பாக்கல் பதித்த இடத்திலும் கூடாது, கல்லுக்கு அடியில் வெறும் மண். குழியையும் மூட வேண்டாம். அவன் வாங்கப்போவது நாலு டன் லிஃப்ட். அது காருக்கும் டாட்டா ஏஸுக்கும் சரி. ஆறு சக்கர லாரி காலியாக வந்தாலே அதைவிடக் கனம், அதற்குக் குழிதான். வேப்பமரத்துப் பக்கம் பழைய டயர் அடுக்கியிருக்கிற இடத்தைக் காலி செய்து, புதிதாகக் கான்கிரீட் போட்டு, 28 நாள் தண்ணீர் விட்டு, அங்கே நிறுத்தட்டும். வேர் எங்கே ஓடுகிறது என்று முதலில் தோண்டிப் பார்த்துவிட்டு. பழைய லிஃப்ட் என்பதால் கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் புதிதாக மாற்ற வேண்டும். பூட்டு ரெண்டும் ஒன்றாக விழுகிறதா என்று காலியாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். கம்பத்தில் வெல்டிங் வைத்த தடம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கான்கிரீட்டுக்கு ஆகும் பணத்தை நான் அனுப்புகிறேன். எனக்கு எல்லாம் சேர்த்து 6,000 டாலர் தாண்டியது. அதை அம்மாவிடம் ரூபாயில் பெருக்கிச் சொல்லாதீர்கள்.

பிரேக் பைப்பை நானே மாற்றிவிட்டேன். செம்பும் நிக்கலும் கலந்த பைப், துருவே ஏறாது, கையாலேயே வளைக்கலாம். நுனி விரிப்பதுதான் கஷ்டம், நாலு முறை கெடுத்தேன். நீங்கள் கூட இருந்திருந்தால் முதல் முறையிலேயே வந்திருக்கும்.

விசா இண்டர்வியூ தேதி வந்ததும் சொல்லுங்கள். ஜூனில் வந்தால் குளிர் இருக்காது. எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார், நீங்கள் வந்து பார்த்த பிறகுதான் அதன் கியர்பாக்ஸில் கை வைப்பேன் என்கிறார். உங்கள் உயரத்துக்குப் பதிமூன்றாவது டக்கில் நிறுத்தினால் தலை இடிக்காது, குனியவும் வேண்டாம். கம்பத்தில் அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வேலைக்குக் கட்டுகிற லுங்கி ரெண்டு மறக்காமல் எடுத்து வாருங்கள், இங்கே கிடைக்காது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்