மூன்றாம் ஆண்டில் கைவிடப்படும் கேடட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்களிடம் தலைமைப் பண்பு வளர எல்லாக் கல்லூரிகளிலும் தேசிய மாணவர் படையை (என்.சி.சி.) கட்டாயமாக்க வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். நெல்லைப் பகுதிக் கல்லூரி ஒன்றில் மூன்று ஆண்டுகள் என்.சி.சி. தரைப்படைப் பிரிவில் கேடட்டாக (படை மாணவியாக) இருந்து, மூன்றாம் ஆண்டு முடிவில் தரப்படும் 'சி' சான்றிதழ் பெற்று, இன்று அரசுப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றும் எனக்குக் கட்டுரையாளரின் அக்கறையில் முழு உடன்பாடு உண்டு. அவர் காட்டும் வழியில் உடன்பாடு இல்லை.

கட்டாயம் நமக்குப் புதிதல்ல. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விரும்பிச் சேரும் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட இந்தப் படை, 1962 சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டு, 1968-இல் மறுபடியும் அவரவர் விருப்பத்துக்கே விடப்பட்டது. ஆள் எண்ணிக்கையை உத்தரவு போட்டுக் கூட்டிவிடலாம். ஆனால் பிறரை நடத்திச் செல்லும் பக்குவம் ஒரு மாணவிக்கு வருவதற்கு ஆண்டுகள் பிடிக்கும்; அந்த ஆண்டுகளில் அவள் கையில் உண்மையான பொறுப்பும் இருக்க வேண்டும்.

முதலாண்டில் சொன்னதைச் செய்வதுதான் வேலை. 'ஸாவ்தான்', 'விஷ்ராம்', 'தேஜ் சல்' (நேராக நில், இளைப்பாறு, வேகமாக நட) என்ற இந்திக் கட்டளைச் சொற்கள் காதில் விழுந்ததும் உடல் தானாகக் கேட்கப் பழகிவிடும். அடுத்த ஆண்டு அதே சொற்களை நாம் சொல்ல நேரும்போதுதான் கடினம் தெரியும். நடந்து வரும் அணியை நிறுத்த 'தம்' என்று சொல்வதற்குக்கூட, எல்லோருடைய காலையும் கவனித்து அதற்குரிய நொடியில் சொல்ல வேண்டும். முதன்முறை நான் பிந்திச் சொன்னதில் வரிசையே ஒருவர் மீது ஒருவர் இடித்துக்கொண்டு நின்றது. தவறு அவர்களுடையது அல்ல, குரல் கொடுத்தவருடையது என்று பயிற்சி கொடுத்த ஹவில்தார் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்.

அதைவிடப் பெரிய பாடம் பத்து நாள் ஆண்டுப் பயிற்சி முகாமில் கிடைத்தது. அப்போது நான் சார்ஜென்ட்; பத்து முதலாண்டு மாணவிகள் என் பொறுப்பில் இருந்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை அணிவகுப்புக்கு அவர்களில் ஒருத்தி பிந்தி வந்தாள், அதுவும் ஒரு பூட்ஸின் கயிற்றைக் கட்டாமலே. எல்லோர் முன்னிலையிலும் அவளைக் கடிந்து பேசினேன். அவள் பதில் பேசவில்லை. சிற்றுண்டி நேரத்தில் எங்கள் என்.சி.சி. அதிகாரியாக இருந்த பேராசிரியை என்னைத் தனியே அழைத்து, "நேற்று ராத்திரி உன் பிள்ளைகளோட காலைப் பார்த்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார். போய்ப் பார்த்தேன். புது பூட்ஸ் கடித்து, குதிகாலில் கொப்புளம் உடைந்து, காலுறை சதையோடு ஒட்டியிருந்தது. வெந்நீரில் நனைத்து அந்தக் காலுறையை மெல்ல எடுத்தபோது, "வலிக்கலை அக்கா" என்று அவள் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அன்றிரவு முதல் விளக்கணைப்பதற்கு முன் டார்ச்சோடு பத்துப் பேரின் கால்களையும் பார்க்கத் தொடங்கினேன். மறு ஆண்டு முகாமில் அதே பெண், யாரும் சொல்லாமலே, தன் பொறுப்பில் இருந்தவர்களின் கால்களை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டாம் ஆண்டும் படையில் தொடர்ந்ததால் அல்லவா அது நடந்தது?

என் கவலை இங்கேதான் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் 'பி' சான்றிதழ் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் விலகிக்கொள்கிறார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர்கூட மூன்றாம் ஆண்டுக்கு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி வகுப்புகளில் 75 சதவீத வருகையும் காட்ட வேண்டும், முகாமுக்குப் போன நாட்களுக்குத் துறையில் ஓ.டி. (வெளிப்பணியில் இருந்ததாகக் கருதித் தரும் வருகைப்பதிவு) கேட்டு ஒவ்வொரு ஆசிரியரிடமும் நிற்கவும் வேண்டும், விட்டுப்போன உள்மதிப்பீட்டுத் தேர்வை எழுத அனுமதிப்பார்களா என்ற பயமும் உண்டு என்றால், வேலைவாய்ப்புத் தேர்வுகள் தொடங்கும் ஆண்டில் எந்தப் பெற்றோர்தான் சம்மதிப்பார்கள்? ஆனால் அணியை முழுமையாக ஏற்று நடத்தும் வாய்ப்பு அந்த ஆண்டில்தான் வருகிறது. உரிய தரத்தில் 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிகள், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்குச் சென்று, சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம்வரை போக முடியும் என்பதும் பல மாணவிகளுக்குத் தெரிவதில்லை.

மற்றொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரி விழாக்களில் விருந்தினருக்குப் பூங்கொத்து நீட்டவும், வாகனங்களை ஒழுங்குபடுத்தவும், வாசலில் வரிசையாக நின்று வணக்கம் வைக்கவும் கேடட்டுகளைப் பயன்படுத்தும் வழக்கம் பரவிவிட்டது. சீருடை அழகாகத்தான் இருக்கிறது. அந்த விழாவின் கூட்ட ஒழுங்கையும் முதலுதவி ஏற்பாட்டையும் திட்டமிடும் பொறுப்பை கேடட்டுகளில் உயர்ந்த பொறுப்பில் இருக்கும் ஒரு சீனியர் அண்டர் ஆபீசரிடம் ஒப்படைத்து, பிழை நேர்ந்தால் பிறகு அவளோடு உட்கார்ந்து பேசினால் அவள் எவ்வளவோ கற்றுக்கொள்வாள்.

ஆகவே கட்டாயமாக்கும் யோசனையை விட்டுவிட்டு, ஏற்கெனவே விரும்பிச் சேர்ந்திருப்பவர்களைக் காக்கும் வழியைப் பல்கலைக்கழகங்களும் கல்லூரி முதல்வர்களும் யோசிக்க வேண்டும். முகாம் தேதிகள் முடிவானவுடன், செல்லவிருக்கும் மூன்றாம் ஆண்டு கேடட்டுகளின் பட்டியலை எல்லாத் துறைகளுக்கும் முதல்வர் அலுவலகமே அனுப்பி, அந்த நாட்களுக்கு ஓ.டி.யும் மறுதேர்வும் உண்டு என்று எழுத்தில் உறுதி கொடுத்தால் போதும். இதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை, நிதியும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கைதான் வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் கேடட், அரசுப் பள்ளி ஆசிரியை,
தென்காசி மாவட்டம்.