பச்சை வானம் படத்துக்குக் கீழ ஷட்டர் எத்தனை செகண்டுன்னும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நார்தன் லைட்ஸ், அதாவது வட துருவத்துப் பக்கம் ராத்திரி வானத்துல தெரியற வெளிச்சம், அதோட படம் ஒண்ணு பெருசா போட்டிருந்தீங்க. பக்கம் முழுக்க பச்சை, மூலையில ஒரு மர வீடு. நல்ல படம்தான், அதுல குறை சொல்ல வரல. ஆனா அதைப் பார்த்துட்டு எங்க தெருவுலயே ரெண்டு பேர் "அண்ணே, போனா இப்படித்தான் தெரியுமா, டிக்கெட் போடலாமா"ன்னு கேட்டாங்க. நான் 2025 பிப்ரவரியில மகன் கூட்டிட்டுப் போய் அதைப் பார்த்துட்டு வந்தவன், அதுக்கு முன்னாடி காரைக்குடி பக்கம் 38 வருஷம் கல்யாண போட்டோ எடுத்தவன், அதனால சொல்லணும்னு தோணுச்சு.

மகன் நார்வே நாட்டுல ஆஸ்லோவுல வேலை பார்க்கறான். அங்கேருந்து ஃபிளைட்ல ட்ரோம்சோ போனோம், ஆர்க்டிக் வட்டத்துக்கும் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வடக்க இருக்கற ஊர். நாலு ராத்திரி தங்கினோம். முதல் ராத்திரி ஆப்ல கேபி 5ன்னு காட்டுது, மகனுக்கு ஒரே சந்தோஷம், வெளிய வந்து பார்த்தா வானம் பூரா மேகம் மூடிக்கிடக்கு, பனி கொட்டுது. ரெண்டாவது ராத்திரியும் அதே கதை. கேபிங்கறது பூமியோட காந்தம் எவ்வளவு கலங்கியிருக்குன்னு 0லேருந்து 9 வரைக்கும் போடற மார்க்கு. ட்ரோம்சோ நேரா, துருவத்தைச் சுத்தி அந்த ஒளி வர்ற வளையத்துக்கு அடியிலயே இருக்கறதால அங்க 1, 2 இருந்தாலே போதும், மேகம் விலகணும் அவ்வளவுதான். நம்ம ஆளுங்க எல்லாம் கேபியைப் பார்த்துட்டு டிக்கெட் போடறாங்க, பார்க்க வேண்டியது மேகத்தை.

மூணாவது நாள் வேன்ல கூட்டிட்டுப் போற ஒரு டூர்ல காசு கட்டினோம், நம்ம ஊர் கணக்குல ஒரு ஆளுக்கு 15 ஆயிரத்துக்கு மேல. கடலோரத்துல மேகம் விலகாதுன்னு கைடு வண்டியை உள்ள உள்ள ஓட்டி பின்லாந்து பார்டர் வரைக்கும் கொண்டுபோய்ட்டார். வண்டியில மைனஸ் 17ன்னு காட்டுச்சு. இறங்கினா நட்சத்திரம் மட்டும்தான். அரை மணி நேரம் நின்னோம். அப்புறம் வடக்குப் பக்கம் மலைக்கு மேல சாம்பல் கலர்ல ஒரு பட்டை, விறகடுப்புப் புகை படிஞ்ச மாதிரி. நான் மேகம்னு நினைச்சுட்டேன். கைடு "அதுதான், எடுங்க"ன்னார். என்னங்க இது, இதுக்கா இவ்வளவு தூரம்னு நினைச்சுக்கிட்டேதான் கேமராவை வச்சேன். ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ள விடற கதவு, 8 செகண்ட் திறந்திருந்து மூடினதும் ஸ்கிரீன்ல பார்த்தா வாழைக்குருத்துப் பச்சை! நிமிர்ந்து வானத்தைப் பார்க்கறேன், சாம்பல். குனிஞ்சு ஸ்கிரீனைப் பார்க்கறேன், பச்சை.

கேமரா பொய் சொல்லல. கரண்டு போன ராத்திரி நிலா வெளிச்சத்துல மொட்டை மாடியில காயற சேலை என்ன கலர்னு சொல்ல முடியுமா? இருட்டுல நம்ம கண்ணுல வேலை செய்யற செல்லுங்களுக்கு கலர் தெரியாது, கேமரா 8 செகண்ட் வெளிச்சத்தைச் சேர்த்து வச்சுக் காட்டுது. சங்கதி என்னன்னா எங்க ஸ்டுடியோ வாசல்ல முன்னாடி இருந்த நியான் போர்டு மாதிரிதான், சூரியன்லேருந்து கிளம்பற மின்துகள் கூட்டம் பூமியோட காந்தப்புலத்தைக் கலக்கி விடுது, அதுல வேகம் பிடிச்ச எலக்ட்ரான் துருவத்துப் பக்கம் இறங்கி காத்துல மோதுது, 100 கிலோமீட்டருக்கு மேல ஆக்சிஜன் பச்சையா எரியுது, 200க்கும் மேல போனா சிவப்பு, அடி ஓரத்துல நைட்ரஜன் ரோஸ்.

என் மானம் போன கதையையும் சொல்லிடறேன். முதல்ல எடுத்த இருபது படமும் அவுட். ஆட்டோ ஃபோகஸை ஆஃப் பண்ண மறந்துட்டேன், இருட்டுல லென்ஸ் எதைப் பிடிக்கும், முன்னையும் பின்னையும் ஓடி எங்கயோ நின்னுருக்கு. அப்புறம் மேனுவல்ல போட்டு, ஸ்கிரீன்ல ஒரு பெரிய நட்சத்திரத்தை ஜூம் பண்ணி அது புள்ளியா சுருங்கற வரைக்கும் ரிங்கைத் திருப்பி, நகராம இருக்க செல்லோ டேப்பைச் சுத்தி ஒட்டினேன், கிளவுஸைக் கழட்டிட்டு டேப் கிழிக்கறதுக்குள்ள விரல் மரத்துப்போச்சு. கையால பட்டனை அழுத்தினா ஸ்டாண்டு ஆடுதுன்னு 2 செகண்ட் டைமர். 60 பர்சென்ட் இருந்த பேட்டரி பொசுக்குன்னு செத்துப்போச்சு, இன்னொண்ணை உள்சட்டைப் பாக்கெட்ல சூடா வச்சிருந்ததால தப்பிச்சேன். பக்கத்துல ஒருத்தர் கேமராவை அப்படியே வேனுக்குள்ள கொண்டுபோனார், லென்ஸ் பூரா தண்ணி கோத்துக்கிச்சு. வெளியவே பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டிட்டுத்தான் உள்ள போகணும்.

இன்னொருத்தர் குஷியில விசிலடிச்சார். கைடு சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னார். அந்த ஊர் பூர்வகுடிங்க சாமி மக்கள் (நம்ம சாமி இல்ல, அவங்க இனத்துப் பேரே அதுதான்) அந்த வெளிச்சத்தைப் பார்த்து விசிலடிக்கக் கூடாதும்பாங்களாம். ராத்திரியில விசிலடிச்சா பாம்பு வரும்னு எங்க அப்பத்தா சொல்லும், அது ஞாபகம் வந்துச்சு.

பதினொண்ணரை மணிக்கு மேல நிஜமாவே கிளம்புச்சு. அப்ப கண்ணுக்கே பச்சை தெரிஞ்சது, அடியில ரோஸ் ஓரம், திரைச்சீலையை யாரோ இழுத்து உதறுற மாதிரி ஓடுது. 8 செகண்ட் வச்சா எல்லாம் ஒண்ணா குழம்பி பச்சைச் சாயம் கொட்டின மாதிரி ஆயிடுது, 2 செகண்டுக்கு இறக்கினாத்தான் மடிப்பு தெரியுது. மொத்தம் ஒரு ஆறு நிமிஷம். மகன் "அப்பா, கேமராவை விடுங்க, மேல பாருங்க"ன்னு தோளைப் பிடிச்சுத் திருப்பினான். அந்த ஆட்டம் எந்தப் படத்துலயும் வரல. நாலாவது ராத்திரி திரும்பவும் மேகம்.

2024 மே மாசம் பெரிய சூரியப் புயல் வந்தப்ப லடாக் ஹான்லேல இதே வெளிச்சத்துல வானம் சிவந்த படத்தை எல்லா பேப்பரும் போட்டீங்க. அந்த அளவுப் புயல் அதுக்கு முன்னாடி வந்தது 2003ல. கேமரா எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சுன்னு எந்தப் பேப்பர்லயும் நான் பார்க்கல. லடாக் போனா பார்க்கலாமான்னும் என்கிட்ட கேட்டவங்க உண்டு.

அதனால ஐயா, இனிமே இந்த மாதிரி படம் போட்டா கீழ ஒரே ஒரு வரி, ஷட்டர் எத்தனை செகண்டு, கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு போடுங்க. கடன் வாங்கிப் போறவன் தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும். நான் எடுத்ததுல ஒண்ணு இதோட அனுப்பியிருக்கேன். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, 8 செகண்ட், கண்ணுக்கு சாம்பல் கலர். இந்த வரியோட போடறதுன்னா போடுங்க, இல்லாட்டி படமே வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய கல்யாண போட்டோகிராபர் ஒருத்தர்,
காரைக்குடி