செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மும்பை சயான் கோலிவாடா வட்டாரத்து நம் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்ததும், கண் பரிசோதனை முகாமும் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை அதிகம் அலையவிட்டது தண்ணீர்தான். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மும்பையில் 2024 மே 30 முதல் 5 சதவீதமும், ஜூன் 5 முதல் 10 சதவீதமும் குடிநீர் குறைக்கப்பட்டது. கேட்க 10 சதவீதம் பெரிதாகத் தெரியாது. ஆனால் குழாயில் வேகம் குறைந்ததும் சந்துக் கடைசி வீடுகளில் நூல் மாதிரிதான் வந்தது. ஒரு குடம் நிரம்புவதற்குள் அடுத்த வீட்டில் சத்தம். முன்வரிசையில் சிலர் மோட்டார் போட்டு இழுத்ததும் காரணம். வீடு வீடாகப் பேசி மோட்டாரை நிறுத்த வைத்தோம். ஒத்துழைத்த தாய்மார்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஜூலையில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “இங்கே முழங்கால் தண்ணி நிக்குது, இன்னும் ஏன் வெட்டு?” நியாயமான கேள்வி. சயானில் கொட்டும் மழை, மழைநீர் வடிகால் வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது. நமக்குத் தண்ணீர் தரும் ஏழு ஏரிகளில் விஹார், துளசி இரண்டு மட்டும் நகருக்குள் இருக்கின்றன, இரண்டும் சிறியவை. ஏறக்குறைய பாதிக் கொள்ளளவு பாட்சா அணையில். அது நகருக்கு வெளியே, தாணே மாவட்டத்து ஷஹாபூர் பக்கம். அங்கே பெய்தால்தான் நமக்கு விடியும். ஜூலை 20 அன்று துளசி வழிந்தும் வெட்டு நீங்கவில்லை. ஏழில் பெரிய ஏரிகளான தான்சா, மோடக் சாகரும் நிரம்பிய பிறகு, ஜூலை 29-இல்தான் நீங்கியது.

ஏழும் ததும்பினால் சுமார் 14.47 லட்சம் மில்லியன் லிட்டர். நகரத்துக்கு நாள்தோறும் போவது ஏறத்தாழ 3,900 மில்லியன் லிட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு வருஷத்தைத் தாண்டிச் சில நாள்தான் வரும். இதில் வெயிலில் ஆவியாவது வேறு. அப்புறம் ஒன்று, ஷஹாபூர் தாலுகாவின் பல கிராமங்கள் கோடையில் டேங்கருக்குக் காத்து நிற்கின்றன. அணை இருக்கும் ஊரிலேயே இந்த நிலை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அதனால் அக்டோபரில் இருந்து, சங்க வாசல் கரும்பலகையில் வாரந்தோறும் ஏரிகளின் இருப்பை எழுதிவருகிறோம். பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். பால்வாடித் தொட்டியில் மிதவை வால்வு தேய்ந்து, இரவெல்லாம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, புதிது போட்டாயிற்று. சாக்கடையை ஒட்டிப் போகும் பழைய குழாயின் இணைப்பில் கசிவு இன்னும் நிற்கவில்லை. மனுக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. கலங்கல் வந்தால் காய்ச்சிக் குடியுங்கள், உடனே குழுவுக்கும் சொல்லுங்கள்.

அந்தக் குழாயை மாற்றக் கோரி உறுப்பினர் அனைவரும் கையெழுத்திட்டு, மழைக்கு முன் நேரில் போய்க் கொடுப்பது என்ற தீர்மானத்தை முன்வைக்கிறேன். நோட்டு மேசைமேல் இருக்கிறது.

செயலாளர்