இலையின் இடப்பக்கம்

அன்புள்ள தங்கச்சி,

அம்மாப்பேட்டையில் தறிக்குழி இருக்கிற வீடு என்றால் உங்களுக்கு ஞாபகம் வந்துவிடும். பக்கவாதம் வந்த அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்க வந்த உங்களை எங்கள் அம்மா 'எக்சர்சைஸ் பாப்பா' என்றுதான் சொல்வார். அப்பா இப்போது கைத்தடியோடு முக்குக் கடை வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறார். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டிய சில பொய்களும் இருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி வரி 'பிசியோ தொடரவும்', அதாவது உடற்பயிற்சி சிகிச்சை. அவ்வளவுதான். இடப்பக்கம் இழுத்துக்கொண்ட ஆளை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. நானும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். அந்தத் தோள்வலிக்கு நாங்கள்தான் காரணம் என்பது நீங்கள் வந்த பிறகுதான் புரிந்தது. தசை தளர்ந்த கையை இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடும் என்றீர்கள். அப்பாவின் துண்டையே அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டி, அதைப் பிடித்து எழுப்பிக் காட்டினீர்கள். படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வராத கால் முன்னால். சட்டை போடும்போது வராத கை முதலில், கழற்றும்போது கடைசியில். அம்மா இதை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது, பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவார்கள் என்ற அளவில்தான் நான் அதைக் கவனித்தேன். பிசியோவும் வீட்டுக்கு வருவார்கள் என்று சொன்னது எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்கா.

நீங்கள் வந்த இரண்டாவது நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 'ஊறுகாய் எங்கே?' என்று அம்மாவிடம் சண்டை. ஊறுகாய் இலையில்தான் இருந்தது, வழக்கம்போல இடது ஓரத்தில். சோற்றிலும் வலது பாதி மட்டும் காலி. பசியில்லை, கண்ணும் போய்விட்டது என்று அம்மா அழுதுகொண்டிருந்தார். நீங்கள் இலையைப் பார்த்தீர்கள், ஒன்றும் சொல்லாமல் அதை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்தீர்கள். அப்பா மீதிச் சோற்றையும் சாப்பிட்டார். கண்ணில் குறையில்லை, மூளையின் வலப்பக்கம் அடிபட்டதால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்தில் இல்லை என்று அப்புறம் விளக்கினீர்கள். அன்றைக்கே டிவி இடம் மாறியது. தண்ணீர்ச் சொம்பு, அம்மா உட்காரும் முக்காலி எல்லாம் அவருக்கு இடப்பக்கம் போயின. ஆஸ்பத்திரிக் கட்டிலில் டியூப் வழியாகச் சாப்பிட்டவரிடம் இதை யார் கண்டுபிடித்திருக்க முடியும்?

சரி, பொய்களுக்கு வருகிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் நீங்கள் இருந்தது முக்கால் மணி நேரம். 'மூன்று வேளையும் செய்தீர்களா?' என்று கேட்பீர்கள், நாங்கள் தலையாட்டுவோம். பல நாள் ஒரு வேளைகூடச் செய்யவில்லை. அப்பா கத்துவார், எங்களுக்கும் வேலைக்கு நேரமாகிவிடும். அப்புறம் அந்தப் புறா. மாமா எங்கிருந்தோ வாங்கி வந்து, சூடு ஆறுவதற்குள் ரத்தத்தைத் தேய்க்க வேண்டும் என்று அப்பாவின் காலில் தேய்த்தார். நீங்கள் வருவதற்குள் சோப்பு போட்டுக் கழுவிவிட்டோம். காலைத் தூக்கிய நீங்கள் ஒரு நிமிடம் நிறுத்தி, 'புறா என்ன விலைண்ணா?' என்றீர்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீங்களோ மேற்கொண்டு பேசாமல் கணுக்காலை மடக்கி நீட்ட ஆரம்பித்துவிட்டீர்கள். அன்றிலிருந்துதான் ஒழுங்காகச் செய்தோம்.

அப்பாவைத் தறிக்குழியில் இறக்கியதும் உங்கள் யோசனைதான். நாற்பது வருடம் வெண்பட்டு வேட்டி நெய்த கால் அது. கட்டிலில் 'காலை அழுத்துங்க' என்றால் அசையாது. மிதியில் வைத்ததும், பாவு நூலே ஏற்றாத தறியில், இடது கால் மெல்ல அழுத்தியது. இன்னும் நாடா ஓட்டி நெய்யவில்லை, தறிப் பலகை பிடிக்க இடது கையில் பிடிமானம் போதாது. ஆனாலும் காலையில் கொஞ்ச நேரம் மிதித்துவிட்டுத்தான் டீக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை இலை போட்டோம். அம்மா வேண்டுமென்றே திருப்பவில்லை. அப்பா தானாகவே இடது ஓரத்துக்குப் போய் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். அம்மா ஒன்றும் பேசாமல் இன்னொரு கரண்டி வைத்தார். பிரஷருக்கு உப்பு ஆகாது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு ஒருநாள்தான், திட்டாதீர்கள்.