தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே சப்டைட்டில் போடுங்கள்

தமிழ்ப் படங்களையும் தொடர்களையும் எடுக்கிறவர்களுக்கும், அவற்றை வாங்கி உலகம் முழுக்கக் காட்டும் ஓடிடி நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் படம், தொடர், அவற்றைப் பற்றிய செய்தி. எந்தப் படத்தை எந்த ஓடிடி வாங்கியது, எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தோடு சேர்ந்தது, புது டிவியில் என்ன வந்திருக்கிறது, ஏஐ வைத்து யார் என்ன செய்தார்கள் என்று தேடித் தேடிப் படிக்கிற ஆள் நான். இத்தனை செய்தி வந்தும் நான் காத்திருக்கிற ஒரு செய்தி மட்டும் வரவே மாட்டேன் என்கிறது, அதனால்தான் உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்தில் சப்டைட்டில் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

பேசுவதே தமிழ், அதற்கு எதற்குத் தமிழ் சப்டைட்டில் என்று உங்களுக்குத் தோன்றலாம். சென்னையிலோ மதுரையிலோ பிறந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பாருங்கள்.

1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை கரும்புத் தோட்டத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்கள் 1,52,000 பேருக்கு மேல், அதில் பெரும் பங்கு சென்னையில் கப்பல் ஏறிய தமிழரும் தெலுங்கரும். அவர்கள் தெருக்கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள், இங்கே அதற்கு சிக்ஸ்ஃபுட் டான்ஸ் என்று பெயர் விழுந்துவிட்டது. விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்தைப் பார்த்துத்தான் எங்கள் ஆயா பாரதக் கதை முழுவதையும் தெரிந்துகொண்டார், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாமல். அப்புறம் பள்ளிக்கூடம் முழுக்க ஆங்கிலம், வேலை செய்யும் இடம் முழுக்க ஆங்கிலம், இதற்கு நடுவில் எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து சொந்த வீட்டில் இருந்தவர்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது, கூட்டுக் குடும்பங்கள் சின்னச் சின்ன வீடுகளாகப் பிரிந்தன, தமிழ் மெல்ல மெல்ல அடுப்படிக்கும் சாமி விளக்கடிக்கும் ஒதுங்கிப் போனது. டிவியே இந்த நாட்டுக்கு 1976 ஜனவரி 5ஆம் தேதிதான் வந்தது, அதுவரை அரசாங்கம் வரவிடவில்லை. எங்கள் தலைமுறைக்குத் தமிழ் நாள்தோறும் காதில் விழுந்தது என்றால் அது வாடகை வீடியோ கேசட்டால்தான். நகலுக்கு நகல் எடுத்து, எடுத்து, படம் மழையில் நனைந்ததுபோல் ஓடும். அடியில் ஓர் எழுத்தும் இருக்காது. வசனங்களை மனப்பாடம் செய்தோம், ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல், வெறும் ஒலியாக.

இன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரசம் தெரியும், காவடி தெரியும், புரட்டாசி விரதமும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் தெரியும். ஒரு முழு வாக்கியம் வராது. நாட்டின் 1996ஆம் வருட அரசியல் சாசனம் 6ஆம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2014இல் அரசுப் பள்ளிகளில் இந்திய மொழிகளை விருப்பப் பாடமாகப் படிக்க மறுபடி இடம் கொடுத்தார்கள். சரி, நல்லதுதான். ஆனால் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் என்னாலோ வேறு எந்த ஆசிரியராலோ ஒரு மொழியைக் கொடுத்துவிட முடியாது. மற்ற ஆறு நாளும் இந்தப் பிள்ளைகள் தமிழைப் பார்க்கிற இடம் நீங்கள் எடுக்கிற படம்தான்.

போன வருடம் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு படம் போட்டேன். அந்தப் படத்துக்கு, அபூர்வமாக, தமிழ் சப்டைட்டில் இருந்தது. சும்மா போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். ஆறு மாதமாக எழுத்துக்கூட்டத் தடுமாறிக்கொண்டிருந்த பதினொரு வயதுப் பையன் ஒருவன், ‘போகாதே’ என்ற சொல் கீழே வந்ததும் வாய்விட்டுப் படித்துவிட்டான். நடிகை சொல்லி முடித்ததும் அவன் படித்து முடித்ததும் ஒரே நேரம். அவனே திடுக்கிட்டுப் போய் என்னைத் திரும்பிப் பார்த்தான். அதற்கப்புறம் படத்தை யார் பார்த்தார்கள், எல்லோரும் கீழே ஓடும் எழுத்தைத்தான் பார்த்தார்கள், போட்டி போட்டுக்கொண்டு கத்திப் படித்தார்கள், நான் எத்தனையோ வாரமாகச் சொல்லியும் ஏறாத கொம்பும் காலும் அன்றைக்கு இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிட்டன.

அடுத்த வாரமே இன்னொரு படம் கேட்டார்கள். நான் மாதாமாதம் பணம் கட்டுகிற ஓடிடிகளில் தேடினேன். ஒன்றில் ஆங்கிலம் மட்டும். இன்னொன்றில் நாலைந்து வெளிநாட்டு மொழிகள் இருந்தன, படம் பேசுகிற மொழி இல்லை. மூன்றாவதில் தமிழ் இருந்தது, ஆனால் என் டிவியில் எழுத்து உடைந்து வந்தது: ‘கெ’ என்று வரவேண்டிய இடத்தில் ‘க’ முதலில் நின்றுகொண்டு, கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் தனியாக நின்றது. “ஆன்ட்டி, இது புது எழுத்தா?” என்று அதே பையன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆங்கில சப்டைட்டில்தான் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அத்தை, மாமி, சித்தி, பெரியம்மா என்று படத்தில் நாலு பேரை நாலு விதமாகக் கூப்பிடுவார்கள், அடியில் நாலுக்கும் ‘ஆன்ட்டி’ என்றே வரும். அத்தை மகளைக் கட்டிக்கொள்கிற கதையில் ‘கசின்’ என்று போட்டுவிடுகிறார்கள், பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள், கதையின் அச்சே அவர்களுக்குப் புரியாமல் போய்விடுகிறது. முறைப் பெயர்தான் எங்களிடம் கடைசியாக மிஞ்சியிருக்கும் தமிழ். அதையும் படம் பார்க்கப் பார்க்க மறக்கிறார்கள் என்றால் எப்படி இருக்கும் எனக்கு.

என் பெரியப்பா நெசவாலையில் முப்பது வருடம் தறிச் சத்தத்தில் வேலை பார்த்துக் காது போனவர். கோயில் பள்ளியில் படித்ததால் தமிழ் நன்றாக வாசிப்பார், இன்றும் எழுத்து பெரிதாக இருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பார். தமிழ்ப் படத்தைத் தமிழில் வாசித்துப் பார்க்கக்கூடியவர், அடியில் ஓடும் ஆங்கிலத்தை வேகத்துக்குப் பிடிக்க முடியாமல் பாதியில் எழுந்து போய்விடுகிறார். இந்திய அரசே 2024 மார்ச்சில், காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் திரையரங்கில் படம் பார்க்க என்னென்ன வசதி செய்யவேண்டும் என்று விதிமுறை வெளியிட்டிருக்கிறது. அதற்காக எப்படியும் நீங்கள் வசனத்தை எழுத்தாக்கத்தான் போகிறீர்கள். அதே கோப்பு எங்களுக்கும் ஆகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதில் நான் கொஞ்சம் பிடிவாதம். சில படங்களில் தமிழ் சப்டைட்டில் போடுகிறவர்கள் பேச்சைத் திருத்தி ஏட்டுத் தமிழாக எழுதுகிறார்கள். அவன் “என்னடா பண்றே” என்கிறான், கீழே ‘என்ன செய்கிறாய்’ என்று வருகிறது. காதும் கண்ணும் ஒன்றையொன்று கைவிட்டுவிடுகின்றன, மொழி பழகுகிறவருக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரிவதில்லை. பேசுவதை அப்படியே எழுதுங்கள். மதுரைப் பேச்சு மதுரைப் பேச்சாக, சென்னைப் பேச்சு சென்னைப் பேச்சாக வரட்டும். பிள்ளைகள் தப்பாக எழுதப் பழகிவிடுவார்களே என்று என் கூட வேலை செய்கிற ஆசிரியை ஒருவரே கேட்டார். பழகட்டும், ஏட்டுத் தமிழை நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம், பேச்சுத் தமிழைச் சொல்லித்தர எங்களிடம் வேறு புத்தகம் இல்லை.

பாட்டை விட்டுவிடாதீர்கள். பாட்டு தொடங்கியதும் ஆங்கில சப்டைட்டில் பல படங்களில் காணாமல் போய்விடுகிறது, திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரே விஷயம் பாட்டுதான், வரி மனதில் நிற்பதும் அங்கேதான். 1996இல் அகமதாபாத் ஐஐஎம்மில் பிறந்த யோசனை ஒன்று உண்டு: பாட்டு ஓடும்போதே அதன் வரிகளை அதே மொழியில் அடியில் ஓடவிடுவது, அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் தானாகவே சரளமாகப் படிக்கப் பழகுவார்கள் என்று. தூர்தர்ஷன் திரைப்பாடல் நிகழ்ச்சிகளில் அதைச் செய்தும் காட்டினார்கள். இந்தியாவுக்குள் எழுத்தறிவுக்கு என்று யோசித்தது கடல் தாண்டி இருக்கும் எங்களுக்குக் கைக்கு அளவெடுத்த வளையல் மாதிரி பொருந்துகிறது.

ஏஐ செய்தி ஒவ்வொன்றையும் படிக்கும்போது இதுதான் நினைவுக்கு வருகிறது. 2024 ஜனவரியில் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் ஒரு பாட்டில் ஒலிக்க வைத்தார், குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, உரிய தொகையும் கொடுத்து. கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 2025 ஆகஸ்டில், தனுஷ் நடித்த ஒரு இந்திப் படத்தின் தமிழ்ப் பதிப்பை, நாயகன் சாகிற முடிவை ஏஐயால் மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் அதை வெளிப்படையாகக் கண்டித்தார்கள், நான் அவர்கள் பக்கம். செத்தவனைப் பிழைக்க வைக்கிற அளவுக்குத் தொழில்நுட்பம் வந்துவிட்டது, அதில் கால் பங்கு கவனம் வசனத்தை எழுத்தில் காட்டுவதற்கு வந்திருந்தால் எங்கள் பிள்ளைகள் இந்நேரம் வாசித்துக்கொண்டிருப்பார்கள். 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ இலவசமாக வெளியிட்ட விஸ்பர் என்ற ஏஐ மென்பொருள் தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கும். ஆனால் மெஷின் காதால் கேட்டு எழுதுகிறது, பனியா பணியா, அரமா அறமா என்று அதற்குச் சந்தேகம் வரும், ஆகவே தமிழ் படித்த ஒருவர் உட்கார்ந்து திருத்தித்தான் ஆகவேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுங்கள், அவர் பெயரையும் படத்தின் கடைசியில் போடுங்கள்.

அப்புறம் இந்த நாடு வாரியான உரிமை. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரி 6ஆம் தேதி இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஒரே நாளில் வந்தது, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. இந்தியாவில் நள்ளிரவு என்றால் எங்களுக்கு இரவு 8.30, சாப்பிட்டுவிட்டுக் குடும்பமாக உட்கார அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் அங்கே வருகிற படம் பல நேரம் இங்கே வருவதில்லை, வந்தாலும் அங்கே இருக்கும் தமிழ் சப்டைட்டில் இங்கே இருப்பதில்லை. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாயின, அதே வருடம் செப்டம்பரில் டிஎஸ்டிவி என்ற கட்டண டிவி சேவையை நடத்தும் எங்கள் மல்டிசாய்ஸ் நிறுவனத்தை பிரான்சின் கனால் பிளஸ் நிறுவனம் வாங்கி முடித்தது. இவ்வளவு பெரிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிற இடத்தில், ‘சப்டைட்டில் கோப்பும் படத்தோடு எல்லா நாட்டுக்கும் போகும்’ என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமாக எனக்குத் தெரியவில்லை.

செலவும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. வசனம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, டப்பிங்குக்கு உட்காரும்போது தாளில் இருக்கிறது, சென்சாருக்குப் போகும்போது எழுதித்தான் கொடுக்கிறீர்கள். முழுப் படத்தின் சப்டைட்டில் கோப்பு போனில் எடுக்கிற ஒரு புகைப்படத்தைவிடச் சின்னது. எழுத்து உடையாமல் வருகிறதா என்று நாலு பழைய டிவியிலும் நாலு மலிவு போனிலும் போட்டுப் பாருங்கள், எங்கள் வீடுகளில் இருப்பது அவைதான்.

ஒரேயடியாக எல்லாப் படத்துக்கும் செய்யச் சொல்லவில்லை. அடுத்து நீங்கள் ஓடிடிக்குக் கொடுக்கப்போகிற ஒரு படத்தில் தொடங்குங்கள். பிழை பார்க்க ஆள் இல்லை என்றால் கோப்பை எங்களுக்கு அனுப்புங்கள், சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பெரியப்பாவை உட்கார வைத்துக்கொண்டு, கொம்பு, கால், ல, ழ, ள எல்லாம் சரிபார்த்து, திங்கட்கிழமைக்குள் திருப்பி அனுப்பிவிடுகிறோம். முதல் ஆளாக அதை வாய்விட்டுப் படிக்க அந்தப் பையனும் தயாராக இருக்கிறான்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தமிழாசிரியை