போனாரா என்று மட்டும் கேட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலோரக் கிராமங்களில் மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்பு என்றாலே சான்றிதழில் எத்தனை சதவீதம், அடையாள அட்டை இருக்கிறதா, உதவித்தொகை வருகிறதா என்பதோடு படிவம் முடிந்துவிடுகிறது. அந்த ஆள் ஊரோடு எவ்வளவு சேர்ந்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. சதவீதத்தை வைத்து அதைச் சொல்லிவிடவும் முடியாது. கால் சூம்பியவர் ஏலம் விடுகிற இடத்தில் கணக்கு எழுதுவார், ஊரே அவரைச் சுற்றி நிற்கும். காது கேளாத பெண் எங்கும் நடந்து போவார், அவரிடம் பேச ஓர் ஆள் இருக்காது.

இதை அளக்க வழி இருக்கிறது. தொழுநோய் பாதித்தவர்களை மனதில் வைத்து இந்தியா, நேபாளம், பிரேசில் நாடுகளில் உருவான பங்கேற்பு அளவுகோலில் 18 கேள்விகள். ஒவ்வொன்றும் இரண்டு படி. உங்களையொத்தவர்கள் போகிற அளவுக்கு நீங்களும் விசேஷங்களுக்குப் போகிறீர்களா என்பது போல ஒரு கேள்வி. 'எப்போதாவது', 'இல்லை' என்று பதில் வந்தால், அது உங்களுக்கு எவ்வளவு பெரிய பிரச்சினை என்று அடுத்தது. பிரச்சினையே இல்லை என்றால் 1, சிறிது 2, நடுத்தரம் 3, பெரிது 5. அதிகபட்சம் 90; மதிப்பெண் கூடக்கூடத் தடை அதிகம். 12 வரை பெரிய தடை இல்லை என்று கொள்ளலாம். 53-ஐ எட்டினால் ஆள் ஏறக்குறைய ஒதுக்கப்பட்டிருக்கிறார்.

கோளாறு வருவது கேட்கும் விதத்தில். 'உங்களையொத்தவர்' யார் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும்: அதே வயது, அதே பாலினம், அதே தெரு, அதே தொழில். பாசி எடுக்கிற குடும்பத்துப் பெண்ணை அவருடைய அண்ணனோடு ஒப்பிட்டால் ஊனத்தை விட்டுவிட்டு ஆண் பெண் வித்தியாசத்தை அளந்துகொண்டிருப்போம். 'தேவையில்லை' என்று பதில் வந்தால் மதிப்பெண் பூஜ்யம். கல்யாணத்துக்குக் கூப்பிடாமலே பழகிப்போனவர் "எனக்கெதுக்கு அதெல்லாம்" என்பார். அங்கே பேனாவை வைத்துவிட்டு, கூப்பிட்டால் போவீர்களா என்று ஒருமுறை கேளுங்கள்.

அதைவிட மோசம், பதிலை வீட்டார் சொல்வது. "அவனுக்கென்ன குறை, வேளாவேளைக்குச் சாப்பாடு போயிருது" என்று வாசலிலேயே அம்மா முடித்துவிடுவார். மகன் உள்ளே உட்கார்ந்திருப்பான். இப்படி எழுதிய படிவத்தையும் அவரவர் வாயால் சொன்ன படிவத்தையும் ஒன்றாகக் கூட்டவே கூடாது.

பருவமும் ஏமாற்றும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில்தான். ஊரே சும்மா இருக்கும்போது ஒப்பீடு அர்த்தமில்லாமல் போகும், மதிப்பெண் தானாகக் குறையும். முதல் கணக்கை பிப்ரவரியிலும் மறு கணக்கை மே மாதத்திலும் எடுத்துவிட்டு 'முன்னேற்றம்' என்று அறிக்கை எழுதலாம், யாருக்கும் தெரியாது. ஊனத்தை மதிப்பிட உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் 36 கேள்விப் படிவம் கடந்த 30 நாளை மட்டுமே கேட்பதால் அதற்கும் இதே வில்லங்கம். மறு அளவை அதே மாதத்தில் எடுப்பதுதான் வழி.

ஆளை அளக்கும்போதே வழியையும் அளக்க வேண்டும். சாய்தளம் உண்டா என்ற கட்டத்தில் 'உண்டு' என்று டிக் விழுந்திருக்கும். சிமெண்ட் முடிகிற இடத்தில் மணல் அரித்து ஒரு சாண் பள்ளம். சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் அங்கேயே புதைந்துவிடும். ஓர் அடி உயரத்துக்குப் 12 அடி நீளம் இருக்கிறதா, கடைசியில் கெட்டித்தரை இருக்கிறதா என்று டேப் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

2025 சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன உறுப்பினர் இடம் வந்திருக்கிறது. அங்கேயும் வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தை மட்டும் எண்ணினால் எல்லாம் நூற்றுக்கு நூறாகத்தான் தெரியும். அவர் பேசினாரா, பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மாவட்ட நிர்வாகம் அடுத்த படிவத்தை அச்சடிக்கும் முன் பாம்பன், வாலிநோக்கம், ஏர்வாடி ஆகிய மூன்று இடங்களிலும் இருபது இருபது பேரிடமாவது இதைக் கேட்டுப் பார்க்கட்டும். ஏர்வாடியில் மனநோய் உள்ளவர்களை விட்டுவிடக் கூடாது. 18 கேள்விக்கும் இடமில்லை என்றால், அட்டை எண்ணுக்குப் பக்கத்தில் 'பதில் சொன்னவர் யார்' என்று ஒரு கட்டமாவது போடட்டும்.

இப்படிக்கு,
மறுவாழ்வுக் களப்பணியாளர்கள் சிலர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.