மாத்திரையைத் தொடங்கி வைத்தவர்களுக்கு: தமிழ்நாட்டு மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள் நான். மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோபிராம் சாப்பிட்டவள். இது மாத்திரைக்கு எதிரான மடல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுந்து குளிப்பதே பெரும்பாடாக இருந்த ஒருத்தியை மறுபடி வேலைக்கு அனுப்பி வைத்தது உங்களில் ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டுதான். அந்த நன்றி இருப்பதால்தான் உங்களிடம் கேட்க வருகிறேன். ‘மனநல மருந்தெல்லாம் விஷம்’ என்று யூடியூபில் முழங்குகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

மாத்திரையைத் தொடங்கும்போது எல்லாம் சொல்கிறீர்கள். முதல் வாரம் 5 மி.கி., பிறகு 10. கொஞ்சம் குமட்டும், பயப்பட வேண்டாம். பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும். மறு ஓ.பி. தேதி வரை சீட்டில் இருக்கும். நிறுத்தும்போது எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: “நல்லாத்தானே இருக்கீங்க? ரெண்டு வாரம் பாதி போடுங்க, அப்புறம் விட்டுடுங்க.” நான் கைப்பையை எடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சொன்னபடி விட்டேன். சில நாளில் தொடங்கியது. கண்ணை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் திருப்பினால் மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் அடித்தது. நடக்கும்போது தரை ஒரு நொடி தாமதமாக வந்து காலில் சேர்ந்தது. சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஸ்கூட்டரை ஓரம் கட்டி உட்கார்ந்துவிட்டேன். இரவில் விடாமல் கனவு, அதுவும் விழித்த பிறகும் கலையாத கனவு. தொலைக்காட்சியில் நகைக்கடை விளம்பரம் வந்தால் அழுகை. அப்பா தண்ணீர் கேட்டால் எரிச்சல். பொது மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்தார். காது மருத்துவரிடம் அனுப்பினார்கள். கழுத்து எலும்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், வெர்டிகோ மாத்திரை தந்தார்கள். “சமீபத்தில் ஏதாவது மாத்திரையை நிறுத்தினீர்களா?” என்று கேட்க அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. நிறுத்தினால் இப்படி வரலாம் என்று எனக்கே யாரும் சொல்லி அனுப்பவில்லையே.

இது புதிய சேதியும் இல்லை. மனச்சோர்வு மருந்துகளில் முன்னோடியான இமிப்ரமினை நிறுத்தியவர்களுக்கு வரும் தொல்லைகள் 1959-லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டன. இருந்தும் இங்கிலாந்தின் மனநல மருத்துவர்கள் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் சைக்யாட்ரிஸ்ட்ஸ் அமைப்பின் தலைவராக இருந்த வெண்டி பர்ன், 2018-இல் இன்னொரு பேராசிரியரோடு சேர்ந்து தி டைம்ஸ் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில், மிகப் பெரும்பாலானோருக்கு இத்தொல்லை இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடும் என்றார். நோயாளிகள் கொதித்தார்கள், புகார் கொடுத்தார்கள். 2019-இல் அந்த அமைப்பு தன் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டது: சிலருக்குக் கடுமையாகவும் நீண்ட நாளும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. 2020-இல் மருந்தை எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று நோயாளிகளுக்கே புரியும்படி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதை எழுதியவர்களில் வெண்டி பர்னும் ஒருவர். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த அம்மையார் மேல் எனக்கு மரியாதை.

எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் ஏதாவது தொல்லையைச் சொன்னார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினர் சொன்னார்கள். பயத்தினாலும் எதிர்பார்ப்பினாலும் வரும் பங்கைக் கழித்தால் ஆறேழு பேரில் ஒருவர் மிஞ்சுகிறார். கடுமையாகப் படுகிறவர் சுமார் 35 பேரில் ஒருவர். அந்த ஆய்வுகள் பலவற்றில் மருந்து சாப்பிட்ட காலம் குறைவு, ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களின் நிலை அதில் சரியாகத் தெரியாது என்ற மறுப்பும் இருக்கிறது. அது கிடக்கட்டும், குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். உங்கள் ஒரு நாள் ஓ.பி.யில் 35 பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

‘பாதி, அப்புறம் நிறுத்து’ என்ற கணக்கு ஏன் பலருக்கு ஒத்துவருவதில்லை என்பதை மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் 2019-இல் அதே லான்செட் சைக்கியாட்ரியில் விளக்கினார்கள். ஹொரோவிட்ஸ் தாமே இந்த அவதியைப் பட்ட மருத்துவர். எஸ்சிட்டலோபிராமுக்கு மூலமான சிட்டலோபிராமை எடுத்துக்கொண்டால், 20 மி.கி. சாப்பிடும்போது மூளையில் அந்த மருந்து பிடிக்க வேண்டிய இடங்களில் சுமார் 80 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கிறது. 9 மி.கி. அளவுக்குக் குறைத்தாலும் 70-இல் நிற்கிறது. 5 மி.கி.யைச் சற்றே தாண்டிய அளவில்கூட 60. அதாவது மருந்தில் முக்கால் பங்கு போன பிறகும் அதன் வேலையில் முக்கால் பங்கு அப்படியே இருக்கிறது. மீதி அத்தனையும் அந்தக் கடைசித் துணுக்கை விடும்போதுதான் ஒரேயடியாக விழுகிறது. மேலே எல்லாம் சின்னச் சின்னப் படிகள், கடைசிப் படி மட்டும் ஓர் ஆள் உயரம். அதிலிருந்து குதிக்கச் சொல்லித்தான் அனுப்புகிறீர்கள். கணக்கு எழுதுகிறவளுக்கு இந்த எண்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மருந்தியல் படித்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்ற யோசனையும் அப்படித்தான். எஸ்சிட்டலோபிராமின் அளவு உடம்பில் பாதியாக ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். ஒரு நாளை விட்டால் அடுத்த மாத்திரை உள்ளே போவதற்குள் அது மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. இன்னொரு மனச்சோர்வு மருந்தான வென்லாஃபாக்சின் இன்னும் வேகம், சில மணி நேரத்திலேயே இறங்கும். அதைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஒரு வேளை மறந்தாலே மாலைக்குள் தலை சுற்றும். நாள்விட்டு நாள் போடுவது குறைப்பதாகாது, ஏற்றி இறக்குவதாகத்தான் முடியும். வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் ஃபுளூவாக்செடினுக்கு வேண்டுமானால் அது தாங்கும்.

எனக்கு மிகவும் ஆற்றாமை தரும் இடம் இனிமேல்தான். மருந்தை விட்ட சில நாளில் அழுகையும் பதற்றமும் தூக்கமின்மையுமாக ஒருவர் திரும்பி வந்தால், “பாத்தீங்களா, நோய் திரும்பிடுச்சு, இனிமே வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியதுதான்” என்கிறீர்கள். நோய் திரும்புவது நடக்காத காரியம் இல்லை. இங்கிலாந்தில் நலமாக இருந்த நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் மருந்தை நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டது. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் திரும்பி வந்தது நோயா, மாத்திரையை விட்டதன் விளைவா என்று பிரித்துப் பார்க்க உங்களால் முடியும். மனச்சோர்வு மண்டைக்குள் கரண்ட் அடிக்காது. அது பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்லக் கவியும். மருந்தை விட்டதால் வருவதோ அளவைக் குறைத்த சில நாளிலேயே தலைகாட்டும், பழைய அளவை மறுபடி தொடங்கினால் பலருக்கு ஓரிரு நாளிலேயே தணியத் தொடங்கும். தேதியைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால், தேவைக்கு மேல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை போடுகிறவர்கள் எத்தனை பேரோ.

அப்புறம் அந்தக் கூட்டு மாத்திரை. எஸ்சிட்டலோபிராம் 10, பதற்றம் தணித்துத் தூங்க வைக்கும் குளோனாஸிபாம் 0.5, இரண்டும் ஒரே வில்லையில். தூக்கமும் வருகிறது, மனமும் தணிகிறது, அதனால் தாராளமாக எழுதப்படுகிறது. எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்குத் தாம் சாப்பிடுவது இரண்டு மருந்து என்பதே தெரியாது, மெடிக்கலில் ‘மனசு மாத்திரை’ என்று கேட்டு வாங்குகிறார். அவர் ஒரு நாள் விட்டால் இரண்டையும் சேர்த்தல்லவா விடுகிறார்? மாதக்கணக்கில் போட்ட குளோனாஸிபாமைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று நீங்களே படித்திருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் குறைக்க முடியாத ஒரு வில்லையை நீண்ட நாளுக்கு ஏன் எழுதுகிறீர்கள்?

உங்கள் நோயாளிகள் உங்களைக் கேட்டுவிட்டா நிறுத்துகிறார்கள்? பெண் பார்க்க வருகிறார்கள் என்று மாத்திரை அட்டையை அம்மாவே எடுத்து ஒளித்து வைக்கிறார். கல்யாணமான பிறகு புகுந்த வீட்டில் தெரிந்துவிடுமென்று அந்தப் பெண்ணே விட்டுவிடுகிறாள். துபாய்க்கு வேலைக்குப் போகிறவன், குளோனாஸிபாம் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும் என்று யாரோ சொல்ல, விமான நிலையத்துக்குக் கிளம்பும் அன்று அத்தனையையும் வீட்டிலேயே விட்டுப் போகிறான். மாத்திரை வாங்க வரும் நாளில் கூலி போகிறதே என்று ஒரு மாதம் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலும் தூத்துக்குடியிலும் 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிலும் இந்த மாத்திரை தீர்ந்துபோனவர்கள் இருந்திருப்பார்கள். ‘என்னைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் இவர்களில் யாருக்கும் உதவாது. திடீரென்று நிறுத்தினால் என்ன வரும், வந்தால் பழைய அளவுக்குத் திரும்பி உங்களை வந்து பார்க்கலாம் என்று முதல் நாளே சொல்லி வைத்தால் உதவும்.

நான் பிறகு வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் 5 மி.கி.யை மறுபடி தொடங்கச் சொன்னார். மண்டைக் கரண்ட் அடங்கியது. ஒரே அளவில் சில வாரம் நிற்க வைத்து, பிறகு சிறிது குறைத்து, தொல்லை வந்தால் அங்கேயே நிறுத்தி வைத்து, மறுபடி குறைத்தார். கீழே போகப் போகக் குறைக்கும் அளவும் சிறியதாகிக்கொண்டே போனது. ஒரு நோட்டில் தேதி, அளவு, உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்னார். அது எனக்குக் கைவந்த வேலை. தலை சுற்றும் நாளில் ஸ்கூட்டரைத் தொடாதே, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வை என்றார். அப்பாவிடம் சொன்னேன். அதன் பிறகு என் எரிச்சலுக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. கஷ்டப்பட்டது கடைசிப் பகுதியில்தான். 5 மி.கி. வில்லையைக் கால் பாகமாக உடைத்தால் பாதி பொடியாகப் போகிறது. சொட்டு மருந்தாகக் கிடைக்குமா என்று கேட்டால் மெடிக்கலில் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நெதர்லாந்தில் பீட்டர் குரூட், ஜிம் வான் ஓஸ் என்ற இருவரின் முயற்சியால் நாளுக்கு நாள் அளவு குறைந்துகொண்டே வரும் மாத்திரைப் பைகளைச் சுருளாகச் செய்து தருகிறார்கள். அந்த அளவுக்கு நான் பேராசைப்படவில்லை. திரவ மருந்தும் சிறிய அளவு வில்லைகளும் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் இருந்தால் போதும். நீங்கள் எழுதிக் கேட்டால்தான் மருத்துவப் பணிகள் கழகம் வாங்கும், நான் கேட்டால் வாங்காது.

இதைப் படிக்கும் நோயாளிகள் யாரும் இன்றிரவே மாத்திரையைக் குறைக்க வேண்டாம். மெதுவாகக் கரைய வேண்டிய வகை மாத்திரைகளை உடைக்கவே கூடாது, எந்த வகை என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்திய பிறகு உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் அது வெறும் தலைசுற்றல் போன்றதல்ல, காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும்.

மருத்துவர்களே, உங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். ஒரு நோயாளிக்கு நீங்கள் ஒதுக்க முடிகிற சில நிமிடத்தில் இத்தனையும் பேச முடியாது. ஆகவே அச்சடித்துக் கொடுங்கள். தமிழில், ஒரே பக்கம்: நிறுத்தினால் என்ன வரலாம், எப்படிக் குறைப்பது, வந்தால் என்ன செய்வது. முதல் சீட்டோடு சேர்த்தே கொடுங்கள், நிறுத்தும் அன்றைக்கு என்று வைத்திருக்காதீர்கள், ஏனென்றால் அந்த நாளில் நோயாளி உங்கள் எதிரில் இருக்க மாட்டார். குறைக்கும் மாதங்களிலும் ஏற்றும்போது தருவது போலவே மறு ஓ.பி. தேதி கொடுங்கள். உங்கள் மாநில மாநாட்டில் இதற்கென்று ஓர் அமர்வு வைத்தால், நிறுத்திப் பார்த்தவர்களில் இரண்டு பேரையாவது மேடைக்குக் கூப்பிடுங்கள். எந்த ஊரில் வைத்தாலும் நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன், நோட்டையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து,
உங்கள் பழைய நோயாளிகளில் ஒருத்தி